தராசு சாரின் சொந்தப் பிள்ளை

பிசினஸ் காலேஜ் ஆசையோடு அந்தத் தெருவுக்குள் நுழைகிற பெற்றோருக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று தராசு சாருடையது. நான்கு மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே காலை வைத்ததும் முகத்தில் அறைகிற ஏசி. எதிர்ப்பக்கம், மருந்துக்கடைக்கு மேலே, கறார் மேடத்தின் ஆபீஸ். இரண்டே அறை. வரவேற்புக்கு அவள் தங்கை. தொழில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் மார்க்கையும் சாமர்த்தியத்தையும் எடை போட்டுப் பார்த்து, இந்தக் காலேஜ் கிடைக்கும், இது கிடைக்காது, இதற்கு வேண்டுமானால் முட்டிப் பார்க்கலாம் என்று சொல்வது. நூறு பேர் கேட்டால் நான்கைந்து பேருக்குத்தான் கதவைத் திறக்கிற காலேஜுகள் அவை. அதனால் சொல்கிற வாய்க்கு ஏக மரியாதை.

அப்படிப்பட்ட கறார் மேடத்தின் வாயில்தான் தராசு சார் ஒரு காலத்தில் மண்ணைப் போட்டார்.

அப்போது அவள் அவரிடம் வேலை பார்த்தாள். வருஷா வருஷம் மாறுகிற விதிகளைப் படிப்பது, காலேஜ்களைப் பட்டியல் போடுவது, பிள்ளைகள் எழுதுகிற கட்டுரையைத் திருத்துவது எல்லாம் அவள். கோட்டை மாட்டிக்கொண்டு மேடையில் பேசுவது அவர். ஒரு நாள் பெரிய இடத்துப் பையன் ஒருவன் வந்தான். கணக்கில் மார்க் போதாது, பையனுக்கு ஆர்வமும் இல்லை. "முதல் காலேஜ் கிடைக்காது சார், ரெண்டாவதைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஹால் நிறையப் பெற்றோர்கள். தராசு சார் எழுந்து வந்து, "இந்தம்மா வாயத் தொறந்தாலே அபசகுனம்தான், நீங்க கவலைப்படாதீங்க, நான் வாங்கித் தரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. உடனே அதே ஹாலில், அதே மனிதர், பையனின் கட்டுரையை அவள் கெடுத்துத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி எல்லோர் முன்னாலும் வேலையை விட்டு அனுப்பினார். பச்சைப் பொய்! அவர் கையாலேயே மாற்றி எழுதிய கட்டுரை அது. ஆனால் யார் அவளைக் கேட்டார்கள்? அதற்கப்புறம் வெகு காலம் ஒரு பெற்றோரும் பிள்ளையை அவளிடம் விடவில்லை. "கட்டுரையைக் கெடுத்த அம்மாதானே?" என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள்.

அவள் மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்தப் பெருந்தன்மையெல்லாம் நம்மால் ஆகாது என்று தங்கையிடம் வெளிப்படையாகவே சொல்வாள்.

அந்தத் தங்கைதான் ஒரு மத்தியானம் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, வெளிய யாரு உக்காந்திருக்காங்கன்னு சொன்னா நீ நாற்காலியோட விழுந்துடுவ."

"சொல்லித் தொலையேன்."

"தராசோட சம்சாரம். பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கு."

அவள் விழவில்லை. ஆனால் கை தானாகவே மேஜையைப் பிடித்துக்கொண்டது.

அம்மாள் உட்காரும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீடே ரெண்டாயிடும். இவளுக்கு அவர் போட்ட லிஸ்ட். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. மனசு ஒப்பல."

கறார் மேடம் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். இந்தத் தொழிலில் பட்டியலை மூன்றாகப் பிரிப்பார்கள். கனவு, கணக்கு, காவல். ஆசைக்குச் சில, தகுதிக்குச் சில, எல்லாம் கைவிட்டாலும் கைவிடாதவை என்று சில. ஊருக்கெல்லாம் இதைப் பாடமாக எடுக்கிற மனிதர், சொந்தப் பெண்ணுக்குக் கனவை மட்டும் வரிசையாக எழுதியிருந்தார். காவலுக்கு ஒன்றுகூட இல்லை. அதைவிட மோசம், முதல் காலேஜுக்கு, பிசினஸைக் கேட்காமல் பொருளாதாரம் என்று கேட்டிருந்தார். முன்பெல்லாம் அப்படிப் பக்கத்துக் கதவு வழியாக நுழைந்து, இரண்டாம் வருஷம் பிசினஸுக்கு மாறிக்கொள்ளலாம். அந்தக் கதவை அந்தக் காலேஜ் போன வருஷமே பூட்டிவிட்டது. அங்கே போனால் பொருளாதாரத்திலேயே கிடக்க வேண்டியதுதான். விதிகளைப் படிப்பது அவள் வேலையாக இருந்தது அல்லவா? அவள் போனபின் அந்த ஆபீஸில் யாரும் படிக்கவில்லை.

அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. ஒன்றுமே செய்ய வேண்டாம். 'அப்பா போட்டது அருமையா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தராசு சாரின் மகளுக்கே இடமில்லை என்று தெருவே கைகொட்டிச் சிரிக்கும்.

"நாளைக்கு வாங்க, பார்த்து வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் படி இறங்கியதும் தங்கை வந்து நின்றாள். "என்னக்கா, பேசாம சரின்னு சொல்லி அனுப்பு. அவன் நமக்குச் செஞ்சதுக்கு நல்லா அனுபவிக்கட்டும்."

"அவன் எங்கடி அனுபவிப்பான்? அந்தப் பொண்ணுதான் அனுபவிக்கும். அவன் மறுநாளே ஹால்ல நின்னுக்கிட்டு யார் தலையிலயாவது கட்டிடுவான். பள்ளிக்கூடம் சரியில்லைன்னுவான், காலேஜ்ல பாரபட்சம்னுவான். தோத்துப் போனா அவனுக்குச் சாக்கு சொல்லத் தெரியும். அதுலதானே இத்தன நாள் பொழப்பு நடத்தறான்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"ஜெயிக்க வைக்கப் போறேன். என் கையால அவன் பொண்ணு ஜெயிச்சா, அதுக்கு என்ன சாக்கு சொல்லுவான்?"

தங்கைக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், "அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பெண்ணைத் தனியாக உள்ளே அழைத்து, அவள் கட்டுரையைப் படித்தாள். மாணவர் மன்றத் தலைவி, பேச்சுப் போட்டி, தலைமைப் பண்பு என்று ஒரே அலங்காரம். ஒவ்வொரு வரியிலும் தராசு சாரின் கோட்டு தெரிந்தது.

"இதெல்லாம் இருக்கட்டும். நீயா ஏதாவது வித்து நஷ்டப்பட்டிருக்கியா?"

பெண் முழித்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மழைக்காலத்துல ஸ்கூல் வாசல்ல குடை வாடகைக்கு விட்டேன். பாதிக் குடை திரும்பி வரல. அப்பா, இத வெளிய சொல்லாத, அசிங்கம்னுட்டாங்க."

"அப்புறம் என்ன பண்ண?"

"ஐடி கார்டை வாங்கி வச்சுக்கிட்டுத்தான் குடையே குடுத்தேன். கார்டு இல்லாம மறுநாள் உள்ள விடமாட்டாங்கல்ல? எல்லாக் குடையும் ஓடி வந்துடுச்சு. உடைஞ்சத மாத்திட்டுத் திருப்பிக் குடுத்தவங்ககூட உண்டு."

கறார் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. இந்த ஆளுக்கு இப்படி ஒரு பெண்ணா! "இதை எழுது. நஷ்டத்தையும் எழுது" என்றாள். பொருளாதாரத்தை அடித்துவிட்டு நேரடியாக பிசினஸையே கேட்கச் சொன்னாள். கனவில் பாதியைக் கழித்துக் கணக்கிலும் காவலிலும் சேர்த்தாள். "முதல் காலேஜ் வாய்ப்பு பாதிக்குப் பாதின்னு வச்சுக்கோ. உங்கப்பா மாதிரி நான் தேன் தடவிச் சொல்லமாட்டேன்."

"எனக்கு அதுதான் வேணும் மேடம்."

"அப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு ஃபீஸ் வேண்டாம். கிடைச்சா உன் போட்டோவை என் போர்டுல போடுவேன். பெருசா. வாசல்ல."

எல்லாக் காலேஜும் முடிவைச் சொல்கிற வாரத்தில் அந்தத் தெரு முழுக்கப் பிள்ளைகளின் முகமாகத்தான் இருக்கும். ஜெயித்த பிள்ளை யாருடைய போர்டில் சிரிக்கிறதோ, அந்த ஆபீஸுக்குத்தான் அடுத்த வருஷக் கூட்டம். தராசு சார் வீட்டுப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவள் எதிர்ப்பக்கக் கண்ணாடிக் கட்டிடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மாவிடம் கேட்கக்கூட இல்லை.

"போடுங்க" என்றாள்.

முதல் காலேஜே கிடைத்தது.

போர்டு தராசு சாரின் மேஜையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற உயரத்தில் ஏறியது. கட்டுகிறவன் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கட்டப் போனான். கறார் மேடம் கீழே நின்று, "வலப்பக்கம் தள்ளுப்பா, இன்னும் கொஞ்சம், ஆங், அப்படியே" என்று அண்ணாந்து பார்த்துச் சரிசெய்தாள். இப்படி ஒரு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் வந்து நாளாயிற்று.

மறுநாள் கறார் மேடத்தின் முன்னறையில் உட்கார இடமில்லை. பெற்றோர்கள் படியில்கூட நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசு சார் வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே அவள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"போர்டை எடுத்துடும்மா."

"ஏன் சார், போட்டோ நல்லா விழலையா?"

"காலையிலேர்ந்து ஒருத்தர் விடாம கேக்கறாங்க. சொந்தப் பொண்ணையே எதிர்ல அனுப்பிட்டீங்களேன்னு."

"போர்டுல போடச் சொன்னது உங்க பொண்ணு சார். அவளையே கேளுங்க."

"கேட்டேன். பேச்சு பேச்சுதான்ப்பாங்கறா."

"அப்ப உங்க வீட்டம்மா உங்களுக்குத் தெரியாம கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லிடுங்க. உண்மையும் அதுதானே?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அது உண்மையில்ல. நான்தான் அனுப்பினேன்."

அவளுக்குக் காது அடைத்தது போலிருந்தது.

"அடுத்தவன் பிள்ளைன்னா பாத்தவுடனே சொல்லிடுவேன். இவ விஷயத்துல எத்தன தடவை லிஸ்ட் போட்டாலும் எங்கயோ இடிச்சுது. எங்கன்னு தெரியல. பெத்த கண்ணு, எல்லாமே கிடைக்கும்னுதான் காட்டுது. எடை போடத் தெரிஞ்ச ஆளு இந்தத் தெருவுல நீ ஒருத்திதான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லி நான்தான் அனுப்பி வச்சேன்."

"நான் வேணும்னே கெடுத்திருந்தா?"

"நீ கெடுக்க மாட்ட. பழிவாங்கணும்னாலும் வேலைய ஒழுங்காச் செஞ்சுதான் வாங்குவ."

நன்றாகச் சொல்லிவிட்டார்! பாராட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை திட்டம் போட்டு, கடைசியில் இந்த மனுஷன் பழையபடி அவள் உழைப்பைச் சும்மா வாங்கிப் பெண்ணுக்குச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்து வேர்வையைத் துடைக்கிறார். அவள் பழியைக்கூட அவர்தான் முதலாளியாக நின்று நடத்தியிருக்கிறார்.

அவள் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க சார். இப்ப எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்ட சொல்லுங்க."

"என்னம்மா இது, சின்னப் புள்ளத்தனமா..."

"சொந்தப் பொண்ணை ஏன் எங்கிட்ட அனுப்பினீங்கன்னு சொல்லுங்க. அந்தப் பெரிய இடத்துப் பையனுக்குக் கிடைக்காதுன்னு நான் முன்னாடியே சொன்னதைச் சொல்லுங்க. கட்டுரையை யாரு கெடுத்தான்னும் சொல்லுங்க. சொன்னா சாயங்காலமே போர்டு இறங்கிடும். உங்க பொண்ணுகிட்ட நானே பேசிக்கறேன். சொல்லலைன்னா அடுத்த வருஷம் முடிவு வர்ற வரைக்கும் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே நீங்க தொழில் பண்ணலாம்."

தராசு சார் எடை போட்டார். அது மட்டும் அவருக்கு எப்போதுமே கைவந்த கலை. ஒரு பக்கம் ஒரு வருஷத்துக் கூட்டம், ஒரு பக்கம் ஒரு நிமிஷத்து அவமானம். மெல்ல எழுந்து அறை வாசலில் வந்து நின்றார். முன்னறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தங்கை போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் பொண்ணை... நான்தான் இவங்ககிட்ட அனுப்பினேன்" என்றார் தரையைப் பார்த்து. "என்னைவிட இவங்களுக்கு நல்லாப் பார்க்கத் தெரியும். முன்னாடி ஒரு பையன் விஷயத்துல இவங்க சொன்னதுதான் சரி. அந்தக் கட்டுரையை மாத்திக் கெடுத்தது நான்தான். பழியை இவங்க மேல போட்டுட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒரு அப்பா மட்டும் மடியிலிருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பழிவாங்கினால் மனசு வெறிச்சோடிப் போகும் என்று சொல்கிறவர்கள் யாரும் வாங்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து, தொண்டை வரை இனித்தது. தராசு சார் படியைப் பார்த்து நகரப் போனார். அவள் வழியை விடாமல் நின்றாள்.

"படியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்" என்றாள். "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா."