சூப்பர்வைசருக்கு ஒரு மணல் தொட்டி

1

இந்தக் கதை பூனை மூத்திரத்தில் பிறந்தது. நாகரிகமாகச் சொல்ல எவ்வளவோ முயன்றேன். ‘அதிகாலையின் பொன்னொளியில் சோபாவின் ஓரம் மெல்ல நனைந்து’ என்று தொடங்கிய வரைவு இப்போது என் மேசையடியில் கசங்கிக் கிடக்கிறது. செருப்பு வைக்க வாங்கிய அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று அங்கே இருக்கிறது. என் வரைவுகளெல்லாம் அதில்தான் போய் விழும். பொன்னொளியாவது மண்ணாவது! வந்தது வெள்ளம். மெத்தைகள் மிதந்தன. டீப்பாய் மேல் ஏறித்தான் உயிர் தப்பினேன்.

(என் எழுத்தில் எந்த அளவைக் கண்டாலும் பத்தால் வகுத்துக்கொள்ளவும். என் மனைவி நூறால் வகுக்கிறாள்.)

மகள் வேலை மாறி வெளியூர் போனபோது எங்களிடம் விட்டுப்போன பூனை அது. ஆறாவது மாடி, வாசற்படி தாண்டாத பிராணி. எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் படுத்துவிடுவதால் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தேன். கூடவே வந்த மணல் தொட்டி, அதாவது அதன் கழிவறை, முதல் வாரமே உடைந்துபோனது. (அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று பல்பு மாற்றியது யார் என்பது கதைக்குத் தேவையில்லை.) அன்றிலிருந்து சூப்பர்வைசருக்கு சோபாதான்.

2

மனைவி என்ற பாத்திரத்தில் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவளைக் கொடுமைக்காரியாகப் படைத்து, படித்தும் காட்டினேன்.

“நான் எப்பங்க இடுப்புல கை வெச்சுக் கர்ஜிச்சேன்?”

“கதைக்காகம்மா.”

“அப்ப சோபாவையும் நீங்களே கழுவுங்க. கதைக்காக.”

உண்மையில் அவள் கர்ஜிக்கவில்லை. துணியைப் பிழிந்தபடி அமைதியாகச் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை என் தம்பி வர்றான். அதுக்குள்ள இது ஒரே இடத்துல போகப் பழகணும். இல்லன்னா அவன் குடோன்ல எலி பிடிக்கப் போகட்டும்.”

சூப்பர்வைசரா? துணி எலியைக் கண்டாலே பீரோ மேல் ஏறிவிடும்!

இங்கே ஒரு நிமிடம் விளையாட்டை விட்டுவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தால் பாதியில் எழுந்து போகாமல் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான். தூங்குகிறது என்பாள் மனைவி. இருக்கட்டுமே. என் பாதத்தின் மேல் அல்லவா தூங்குகிறது.

3

கட்டடங்களுக்குக் கழிவறை வரைபடம் போடுவதுதான் நான் செய்த வேலை. ஊரில் பாதிப் பேர் நான் வரைந்த இடத்தில்தான் காலையில் உட்காருகிறார்கள். (வகுத்துக்கொள்ளவும்.) எனக்குத் தெரியாத கழிவறையா?

கடையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்: “மூடி வேணும். கதவு வேணும். காத்து போக வழி வேணும். உள்ள போனா வெளிய தெரியவே கூடாது. மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“பூனைக்கா சார்?”

“எனக்கு.”

கோபுரம் போல ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். லாவெண்டர் மணம் வீசும் மணலையும் வாங்கினேன். குளியலறையில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், விதிப்படி மறைவான மூலையில் நிறுவினேன். சூப்பர்வைசர் வந்தது. கதவை மோந்தது. தும்மியது. பிறகு அதன் கூரை மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

4

ஞாயிறும் வந்தது. இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: கடைசி நொடியில் பூனை மனம் மாறிக் கதவைத் தள்ளி உள்ளே செல்கிறது; மனைவி கண்ணீர் மல்க

(இல்லை. கண்ணீர் மல்கியது எனக்கு.)

முடிவு இரண்டு: குடோனில், எலிகளின் நடுவே, தன்னந்தனியாக

(எழுத முடியவில்லை. கிழித்துத் தட்டில் போட்டேன்.)

வாசலில் மச்சான், கையில் மூடி வைத்த கூடையோடு. “எங்க மாமா அந்தப் பூனை? போன்ல புலி புலின்னீங்களே?”

பதில் சொல்வதற்குள் என் எழுத்தறையிலிருந்து மனைவியின் குரல். “ஏங்க, இங்க வந்து உங்க கதையைப் பாருங்க!”

மேசையடியில், அந்தச் செருப்புத் தட்டில், சூப்பர்வைசர் என் வரைவுகளைப் பதவிசாகக் கால்களால் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. மூடியில்லை, கதவில்லை, லாவெண்டர் இல்லை.

மனைவி குனிந்து பார்த்தாள். “கொடுமைக்காரி வர்ற பக்கத்துலதான் போயிருக்கு. நல்ல ரசனை.”

மாலை வரை மச்சானும் இருந்தான். செய்தித்தாள் போட்டுப் பார்த்தோம்; சீண்டவில்லை. வெள்ளைத்தாளையும் தாண்டிப் போனது. என் கையால் எழுதி, நானே வெறுத்துக் கசக்கிய காகிதம்தான் வேண்டுமாம்.

“இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “தினமும் எழுதிக் கிழிச்சுப் போடுங்க.”

“ஒரு நாள் நல்லா வந்துட்டா?”

“வராம பாத்துக்குங்க.”

மச்சான் சிரித்து முடிக்கச் சிரமப்பட்டான். கூடையை மட்டும் வாசலில் விட்டுப் போனான். எதற்கும் இருக்கட்டுமாம்.

5

ஆகவே வாசகரே, என் நிலைமை புரிகிறதா? இந்தக் கதையை முடித்தால் கிழிக்க ஒன்றுமிருக்காது. தட்டு காலி. அப்புறம் சோபா, அப்புறம் கூடை, அப்புறம் குடோன். ஒரு உயிரைக் காப்பாற்ற நான் மோசமாக எழுதியாக வேண்டும். இவ்வளவு நாளும் சும்மா செய்ததை இப்போது பொறுப்போடு செய்கிறேன்.

முடிவு உங்களுடையது. பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேண்டுகோள்: அருமையான முடிவு தோன்றினால் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். சுமாரானது என்றால் அனுப்பலாம். என் கையால் படியெடுத்துக் கசக்கிக்கொள்கிறேன்.

இதோ, சூப்பர்வைசர் எழுந்து தட்டைச் சுற்றிப் பார்க்கிறது. காலையில் போட்டதெல்லாம் நனைந்துவிட்டது போலும். நிமிர்ந்து என் கையிலிருக்கும் இந்தத் தாளையே பார்க்கிறது. அவசரம் போலிருக்கிறது. மன்னிக்கவும், இந்தப் பக்கத்தை