அக்கா பேர் போட்ட தகரம்

அக்கா புருஷனின் லாரி என் பட்டறைக்குள் நுழைந்தாலே எனக்குத் தலைவலி. அன்றும் முன்பக்கம் ஆவி பறக்க வந்து நின்றது. இன்னொரு தடவை வழியில் கொதித்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பெற்ற பிள்ளைகளைவிட அந்தக் கிழட்டு வண்டிக்குச் செல்லம் கொடுக்கும் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீரில் எண்ணெய் கலக்கவில்லை. சூடேறினால் திறந்து தண்ணீரை விட வேண்டிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது. பம்ப், பெல்ட், ஹோஸ் எதிலும் குறையில்லை. பானெட்டைத் திறந்து வைத்து ஓடவிட்டால் சூடு காட்டும் முள் சாதுவாக நடுவில் நிற்கிறது. மூடினால் ஏறுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் வண்டிக்கு எதிரே போய் நின்றேன். ரேடியேட்டருக்குக் காற்று போகிற கிரில்லை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு தகரம். அதில் பூவேலையோடு அக்கா பேர். போன சண்டைக்குச் சமாதானமாக மாமா மாட்டியது. பார்த்துப் பார்த்துப் பழகியதில் அது என் கண்ணிலேயே படவில்லை.

"மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா வண்டி என்ன மாமா பண்ணும்?"

"தெரியும்பா" என்றார் மெதுவாக.

"தெரிஞ்சுமா என் உயிர வாங்கினீங்க?"

"நீ கூடப் பொறந்தவன். நீ கழட்டினா உன்ன ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுருவா. அவ பேர நான் கழட்டிட்டு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா?"

லாரி கொதித்த செய்தி எட்டி, அக்காவே கிளம்பி வந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இத அப்பவே கழட்டியிருக்கலாமே" என்றாள் அக்கா. "வண்டி புகைஞ்சுட்டு நிக்கறப்பல்லாம் போறவன் வர்றவன் பாக்கறது என் பேரதான்டா. கடைக்குப் போனா, 'இன்னிக்கும் கொதிச்சீங்களாமே'ன்னு கேக்கறாங்க. மானம் போகுதுன்னுதான் இரும்புக்குப் போடறேன்னு சொன்னேன்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"கழட்டினா நீ வருத்தப்படுவியோன்னு..."

"அதுக்காக? வண்டியே போனாலும் போகட்டும்னு இருந்தீங்களா?"

மாமா ஆமென்று தலையசைத்தார்.

அக்கா என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, போல்ட்டுகளை அவளே கழற்றினாள். மூலையில் போடலாமென்று நான் தகரத்துக்குக் கை நீட்டினேன்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, அதைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.