எல்லாக் கட்டிலுக்கும் சூப்

மருத்துவமனைக் கணினிப் பிரிவின் தலைவருக்கு 'ஆர்க்கிடெக்ட்' என்று பட்டப்பெயர். ஐந்து வரி எழுதினாலும் அதைக் கட்டமைப்பு என்பார். நோயாளிகளின் உணவுப் பட்டியலுக்குப் பைத்தானில் அவர் எழுதிய நிரல் ஓடத் தொடங்கிய அன்றே, எல்லா வார்டுக்கும் சூப் மட்டும் போனது. கால் ஒடிந்து கிடந்த தச்சர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார்.

"படிக்கத் தெரியாதவங்க கையில சிஸ்டத்தைக் குடுத்தா இப்படித்தான்" என்ற ஆர்க்கிடெக்ட், சமையற்கூடப் பொறுப்பாளரான அம்மாள் மீது மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மாள், நிரல் அச்சடித்து அனுப்பிய உணவுச் சீட்டுகளோடு மாடியேறி வந்தார். ஆர்க்கிடெக்டின் உதவியாளரான பெண்ணின் மேசையில் அவற்றை வைத்தார். "எல்லாத்தையும் படிச்சுட்டேன்மா. சூப்னுதான் அடிச்சிருக்கு."

அவள் நிரலைத் திறந்தாள். வெளியே வார்டு வார்டாகச் சுற்றிவர ஒரு லூப், அதற்குள்ளே கட்டில் கட்டிலாகச் சுற்றிவர ஒரு லூப். எந்தக் கட்டில் எண்ணுக்கு எந்த உணவு என்று குறித்துவைக்க, ஒவ்வொரு வார்டுக்கும் புதிதாக ஒரு காலி டிக்‌ஷனரி வேண்டும். மகானுபாவர் ஒன்றே ஒன்றை, இரண்டு லூப்புக்கும் மேலே உண்டாக்கி வைத்திருந்தார். எல்லா வார்டிலும் கட்டில் எண் ஒன்றிலிருந்துதான் என்பதால், ஒரு வார்டு எழுதியதன் மேல் அடுத்த வார்டு எழுதியது. மிஞ்சியது கடைசி வார்டு, தொண்டை அறுவை சிகிச்சை; அங்கே எல்லாருக்கும் சூப். கற்றுக்குட்டி முதல் வாரம் செய்து, இரண்டாம் வாரம் வெட்கப்படும் தப்பு.

"எத்தனை வார்டு வச்சு டெஸ்ட் பண்ணீங்க, சார்?"

"ஒண்ணு. லாஜிக் ஒண்ணுதானே?"

"ஒரு வார்டுன்னா எப்படி எழுதினாலும் சரியாத்தான் வரும்."

டிக்‌ஷனரியை உண்டாக்கும் அந்த வரியை வெளி லூப்புக்குள் இறக்கி ஓட்டினாள். தச்சருக்கு முழுச் சாப்பாடு வந்தது.

"நெட்வொர்க் தடங்கல்னு மெயில் போட்டுரு" என்றார் அவர்.

அவள் கண்காணிப்பாளருக்கு மெயில் போட்டாள். வரி இருந்த இடம், இருக்க வேண்டிய இடம், எழுதியவர் யார் என்று மூன்றே வாக்கியம்.

கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். "அதாவது, ஒரே பலகையில எல்லா வார்டையும் அழிச்சு அழிச்சு எழுதியிருக்கீங்க."

"கட்டமைப்பு ரீதியா பாத்தா, சார்..."

"கீழ போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

சமையற்கூடத்தில் நின்று, "சின்னத் தவறான புரிதல்" என்று ஆரம்பித்தார்.

"வழிய விட்டு நில்லுங்க, பாத்திரம் சுடுது" என்றார் அந்த அம்மாள். அவர் நகர்ந்து நின்றார்.

மாடியில் அவள், அடுத்த வாரம் ஓடவிருந்த மருந்துப் பட்டியல் நிரலைத் திறந்தாள். அதுவும் அவர் எழுதியதுதான்.