பிளக்கில் சந்தனம்

மறைமலைநகரில் வண்டி மீட்டருக்கு சர்க்யூட் போர்டு செய்யும் எங்கள் கம்பெனியில் அந்த வருஷம் ஒரு போட்டி. மோதியது இரண்டு பெட்டிகள். கம்ப்யூட்டருக்கும் போர்டில் இருக்கும் சிப்புக்கும் நடுவில் நின்று புரோகிராமை ஏற்றுகிற, தப்பு எங்கே என்று காட்டுகிற சின்னப் பெட்டி, டீபக்கர் என்போம். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. இன்னொன்று இன்ஜினியர் விஷாகா தானே சால்டர் வைத்துச் செய்தது. அவளுடையது தேறினால் அவளுடைய கான்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகும் என்று மேனேஜர் பட்டாபி சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அபூர்வம்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஸ்க்ரூ டிரைவர் முதல் கம்பெனி பஸ் வரை சந்தனம், குங்குமம். லைனில் வேலை செய்யும் வச்சலா, வெளிநாட்டுப் பெட்டிக்குப் பேருக்கு ஒரு பொட்டு வைத்தாள். விஷாகாவின் பெட்டிக்கு மட்டும் அள்ளி அள்ளிப் பூசினாள், போர்டில் செருகும் பிளக்கையும் விடவில்லை.

லீவு முடிந்து சோதனை. வெளிநாட்டுப் பெட்டி சத்தமில்லாமல் எல்லா போர்டுக்கும் ஏற்றி முடித்தது. விஷாகாவுடையது பாதியில் நின்றது. பட்டாபி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பின்களுக்கு நடுவே சந்தனம் காய்ந்து கிடந்தது.

“யாரும்மா இதுல சந்தனம் வெச்சது?”

“நான்தான் சார். அக்காவுது ஜெயிக்கட்டும்னு…” என்றாள் வச்சலா.

“இது என்ன அம்மன் சிலையா? நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்.” விஷாகாவிடம் திரும்பி, “தொடைச்சு வை. திங்கக்கிழமை மறுபடி பார்ப்போம்” என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் விஷாகா ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பின்னாகத் துடைத்தாள். மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. பிளக்கோடு கேபிளையே மாற்றினாள். அப்போதும் நின்றது. கோளாறு அவள் போட்ட சர்க்யூட்டில். திங்கட்கிழமைக்குள் சரிசெய்துவிடலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். பொய் சொல்வானேன், நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவள் நேரே பட்டாபியின் ரூமுக்குப் போனாள்.

“சார், தொடைச்சுட்டு ஓட்டிப் பாத்தேன். அப்பவும் நிக்குது. தப்பு என் சர்க்யூட்லதான். வச்சலாவ அனுப்பாதீங்க.”

“சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும்” என்றார் பட்டாபி. திங்கட்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்து வெளிநாட்டுப் பெட்டிக்கு ஆர்டர் போடச் சொன்னார்.

வெளியே வச்சலா டிபன் பாக்ஸைத் திறக்காமல் நின்றிருந்தாள். விஷயம் தெரிந்ததும் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தோம். அவளோ விஷாகாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னாக்கா இப்டி பண்ட்ட? எனக்கு இது இல்லன்னா இன்னொரு கம்பெனி கீது. நீ எத்தினி நாளா அத்த செஞ்சிகினு இருந்த!”

தன் வேலை போகிறது என்றபோது அழாதவள், இப்போது அழுதாள்.