இருமியவர் பெயர்

தண்ணீர்வரி அலுவலகத்தில் ரசீது கிழிக்கும் அந்த மனிதரை நண்பர்கள் மேதை என்று அழைத்தார்கள். அவர்கள் கிண்டலாகத்தான் அழைத்தார்கள். அவர் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டார்.

ஓய்வு நேரத்தில் அவர் பாட்டுக் கட்டப் போன இலவச இசை மென்பொருளில் பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஒருவர் ஒரு மெட்டைப் போட்டுவைப்பார். வேறெங்கோ இருக்கும் இன்னொருவர் அதில் கைவைப்பார். கைவைத்தவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதவேண்டும். பழைய வெர்ஷன் எதுவும் அழியாது. கூப்பிட்டால் எழுந்து வரும். மேதை தன் மெட்டைக் கூடத்தில் உட்கார்ந்து முனகிப் பதிந்தார். பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மச்சினன் புரையேறி இருமினான். அதையும் சேர்த்தே, மென்பொருளில் தன்னோடு சேர்ந்த குழுவுக்கு அனுப்பினார். கூடவே ஒரு விதியும் போட்டார்: இரண்டு பேர் சம்மதித்தால்தான் எந்த மாற்றமும் உள்ளே வரும். "நானும் அதற்குக் கட்டுப்பட்டவனே" என்று அடியில் எழுதினார். தன்னை யார் கட்டப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வந்ததையெல்லாம் "ஜீவன் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். பாட வந்த டீச்சரிடம் போனில், "தொண்டையிலேருந்து பாடாதீங்க, நெஞ்சிலேருந்து பாடுங்க" என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். ஆனால் 'சின்னத் திருத்தம்' என்று எழுதி வந்தவற்றை மட்டும் கேட்காமலே சம்மதித்துவிடுவார். சின்ன விஷயத்தில் போய்ப் பெரியவர்கள் தலையிடலாமா? கிதார் வாசிக்கும் பெண் இதைச் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டாள். டிரம்ஸ் வாசிக்கும் பல் டாக்டரும்தான். அதன்பிறகு அவர்கள் அனுப்பியதெல்லாம் 'சின்னத் திருத்தம்'தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. 'இசை: நான்' என்று அலுவலகம் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. பாட்டைக் கேட்க மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்கு வருகிறார். சனிக்கிழமை காலை, முடிந்த பாட்டில் யாருடைய ஒலி மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து மென்பொருளே பெயர்ப் பட்டியல் போட்டுத் தந்தது. மெட்டும் கிதாரும் அந்தப் பெண். தாளம் டாக்டர். குரல் டீச்சர். கடைசி வரியில், 'இருமல்: மேதை'.

"என்ன டாக்டர் இது? என் மெட்டு எங்க?"

"அது அப்பவே போயிடுச்சே சார். நீங்கதான சம்மதிச்சீங்க? ஆனா அந்த இருமல் இருக்கு பாருங்க, அடடா! மொத்தத் தாளமும் அது மேலதான் நிக்குது. பிடுங்கினா பாட்டே ஆடிப்போயிடும். பல் பிடுங்கறவன் சொல்றேன், கேளுங்க."

"யோவ், அது என் இருமலே இல்ல! என் மச்சினன் இருமினது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் நேர்மையானவர். மேதை போனை வைப்பதற்குள் பட்டியலுக்கு ஒரு சின்னத் திருத்தம் வந்து, இரண்டு சம்மதமும் விழுந்துவிட்டது. 'இருமல்: மேதையின் மச்சினன்'.

பழைய வெர்ஷனைக் கூப்பிட்டார். அது எழுந்து வந்து கூடம் முழுக்க முனகியது.

"என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க, டேங்க் நிரம்பி வழியப்போகுது!" என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

மேதை அதை ஓடவிட்டார். நடுவில் அந்த இருமல் வந்தது. அந்த ஒரு நொடி மட்டும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கை வாய்க்கருகில் வைத்துத் தானே இருமினார். அதை மச்சினனுடைய இருமல் இருந்த இடத்தில் ஒட்டி, 'சின்னத் திருத்தம்' என்று எழுதி அனுப்பினார். இந்த முறை கிதார்ப்பெண்ணும் டாக்டரும் கேட்டுப் பார்த்தார்கள்.

"மன்னிக்கணும் சார். ஜீவன் இல்லை."

கதவைத் தள்ளிக்கொண்டு மச்சினன் எட்டிப் பார்த்தான். கையில் பிஸ்கட்.

"நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் அத்தான். நீங்க தொண்டையிலேருந்து இருமுறீங்க, அதான் சரியா வரல. நெஞ்சிலேருந்து இருமுங்க."

மேதை அவனை முறைத்தார். நாளைக்கு மேலதிகாரி வருகிறார். மைக்கை அவன் பக்கம் திருப்பாமல் தன் பக்கமே இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எங்க, ஒரு தடவ இருமிக் காட்டு."