சுத்துமா?

பழைய ஆர்கன் வாத்தியத்தோடு ஆளுயர மர அலமாரி ஒன்றும் வருமாம். அதற்குள் ஒலிபெருக்கி மின்விசிறி போலச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் தூங்குகிறவரின் மூச்சு மாதிரி சத்தம் ஏறி இறங்கும். வேகமாகச் சுற்றினால், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்குகிறவரின் குரல் மாதிரி நடுங்கும். அந்த அலமாரியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். எங்கள் இசைக்குழுவில் மொத்தமே நான்கு பேர், அதில் ஒருவருக்கு முதுகுவலி. அதனால் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி அந்தச் சுழற்சியை வரவழைப்பது என் வேலை.

எப்போது அழுத்த வேண்டும் என்பதை டிரம்ஸ் வாசிக்கும் லிஃப்ட்காரர் சொல்வார். ஊரிலுள்ள லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர், எங்களுக்கு மாஸ்டர். பாட்டின் நடுவே "சுத்து!" என்று கத்துவார். முதல் தடவை அவர் அப்படிக் கத்தியபோது, மைக்கைப் பிடித்திருந்த என் நாத்தனார் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு சுற்றுச் சுற்றி, ஒயரில் மாட்டி, டிரம்ஸின் மேலேயே விழுந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு மட்டுமே சொந்தம் என்று முடிவானது.

நான் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு, கிடார் வாசிக்கும் கணக்கு வாத்தியாரின் மகளுடையது. போன வியாழக்கிழமை அது நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு உயிரை விட்டது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எங்களுக்கு முதல் மேடை.

"மேடம், புதன்கிழமை ஒத்திகைக்குள்ள உங்களுக்குன்னு ஒரு கீபோர்டு வேணும்," என்றார் மாஸ்டர். "ஆர்கன் சத்தம் வரணும், சுத்தணும், லிஃப்ட் ஓடாத இந்த நாலு மாடியும் நீங்களே தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கணும். இல்லன்னா வாத்தியாரோட மச்சான் லேப்டாப்லயே வாசிச்சிடறேன்றார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார்.

"எதுன்னாலும் சரி மாஸ்டர்," என்றேன்.

மற்றவர்களுக்குத் தும்மல் வருவதுபோல எனக்கு இந்த வார்த்தை வரும். வீட்டு ஜன்னல் திரையின் நிறம், ஃப்ரிட்ஜின் அளவு, மகனுக்கு வைத்த பெயர், எல்லாமே எதுன்னாலும் சரிதான். அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது: இது சரியில்லை. எனக்கு வேணும். "வேணும்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடைய செருப்பிலோ காலை நுழைத்ததுபோல இருந்தது. ஆனால் அளவு கச்சிதம்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். இசைக்குழுவில் ஊசி என்று பெயர். காலையில் நாற்பது கைகள் என் முன்னால் நீளும். நாற்பது முகங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, என் முகத்தை யாரும் பார்க்காததும் வேலைக்கு வசதிதான். ஆனால் நான்காம் மாடி ஒத்திகை அறையில் ஒருவர் "சுத்து!" என்று கத்துகிறார், மூன்று முகங்கள் என் பக்கம் திரும்புகின்றன, எல்லோரும் என் ஒரு விரலுக்காகக் காத்திருக்கிறார்கள். அதை ஒரு லேப்டாப்புக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். நாத்தனாரும் வந்தாள். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள்.

"வேன்ல பின்னாடி பூரா காலிதான் அண்ணி. பேசாம பியானோவே வாங்கிடு."

"நாலாவது மாடிக்கு உன் வேன் ஏறுமா?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெங்கும் தேடிக்கொண்டிருந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"சுத்துமா?"

"நல்லா சுத்தும்மா!" என்று உள்ளே போனவர் வட்டமான ஸ்டூல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "உக்காந்து பாருங்க. எவ்வளவு வேணா சுத்தலாம்."

உட்கார்ந்தும்விட்டேன். நாத்தனார் சும்மா இருப்பாளா? என் தோளைப் பிடித்து ஒரு தள்ளு. கிடார்கள், புல்லாங்குழல்கள், கடைக்காரர், வாசல், மறுபடி கிடார்கள். கண்ணில் நீர் வர, கால் தரையில் படாமல் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு கடையின் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் ஒரு சுற்று பின்தங்கித்தான் வந்தது. அதற்குள் நான் தாண்டிப் போய்விட்டேன்.

"ஓ, அந்தச் சுத்தலா!" என்றார் அவர், நாங்கள் விளக்கிய பிறகு.

முதலில் காட்டியது ராஜா. இரண்டு பக்கமும் மரம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வெளியே இழுக்கும் ஒன்பது குச்சிகள். ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க ஒரே சுரம் பருத்துக்கொண்டே போனது. நாத்தனார் தன் கையை நீட்டிக் காட்டினாள், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"அண்ணி, இதான்!"

"உங்க கடையில மாடி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

பின்னால் கிடங்குக்குப் பதினாலு படிகள் இருந்தன. ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏழாவது படியில் முழங்கை நடுங்கியது. நாளைக் காலை இந்தக் கையால் ஊசி பிடித்தால் எறும்பு இல்லை, தேள்தான். இறங்கிவிட்டேன். அதற்குள் விலைச்சீட்டைப் பார்த்திருந்த நாத்தனார், அதைப் பத்திரமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

இரண்டாவது, கைக்குழந்தை. ஒரு கையில் தூக்கலாம், விலையும் பொம்மை விலை. அறுநூறு சத்தங்கள், அதில் ஒன்று நாய் குரைப்பது. ஆனால் ஆர்கன் என்ற பெயரில் ஒரு கொசு வாய்ப்பாடு ஒப்பித்தது. சுற்றவும் செய்தது, ஒரே வேகத்தில், எங்கள் வீட்டு ஃபேன் மாதிரி. நாம் சொன்னால் கேட்காது.

மூன்றாவதைக் கடைக்காரர் காட்டவே இல்லை. மேசைக்கு அடியில் துணி போர்த்திக் கிடந்தது. நான்தான் குனிந்து இழுத்தேன்.

"அது ரெண்டாங்கை. எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. இழுக்கிற குச்சியும் ஒன்பது கிடையாது, நாலுதான்," என்றார் அவர், பெண் பார்க்க வந்த இடத்தில் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறவர் மாதிரி.

நரம்பு தெரியாத கை வந்தால் நான் உற்றுப் பார்ப்பதில்லை. கண்ணை மூடி, இடது ஆள்காட்டி விரலால் தடவுவேன். இங்கேயும் அப்படியே செய்தேன். எல்லாப் பொத்தான்களும் விளிம்பு கூராக, புதுசுபோல இருந்தன. ஒன்று மட்டும் வழவழவென்று தேய்ந்து, லேசாகக் குழிந்திருந்தது. யாரோ இதை மட்டும் ஆயிரம் தடவை ஆசையாக அழுத்தியிருக்கிறார்கள். வலது கையால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் அழுத்தினேன்.

சத்தம் உடனே நடுங்கவில்லை. தயங்கி, கனமான எதையோ நகர்த்துவதுபோல மெல்ல வேகமெடுத்து, பிறகுதான் முழுசாகச் சுற்றியது. உள்ளே அலமாரி எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தயக்கத்தில் மரத்தின் எடை இருந்தது.

"பேட்டரியிலயும் ஓடும். உள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கு," என்றார் கடைக்காரர். "ஆனா வாரக்கடைசியில புது சரக்கு வருது, பார்த்துட்டு..."

"எதுன்னா..." என்று ஆரம்பித்தேன். நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க. எனக்கு இதுதான் வேணும்."

அதைத் தூக்கிக்கொண்டு பதினாலு படிகளை இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஒரு தடவையே போதும்தான். இரண்டாவது சந்தோஷத்துக்கு.

புதன்கிழமை மாலை ஒத்திகைக் கட்டடத்தின் லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ஓடுகிறது. மாஸ்டரின் கையெழுத்து. மூன்று மாதமாக நாங்கள் செய்த கேலி தாங்காமல் சரிசெய்துவிட்டார். நாத்தனார் படியைக் காட்டினாள். நான் மாட்டேன் என்றேன். ராணிபோல லிஃப்டில் போய் இறங்க ஆசை.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மின்சாரம் போனது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் இருட்டில். மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாப்பது பிள்ளைங்களை அடைச்சு ஏத்திட்டுப் போற என்னையே அடைச்சுட்டாங்களே."

"ஒண்ணுமில்லடி, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"எறும்பா? எங்க?" என்று குதித்தாள். லிஃப்ட் ஆடியது.

"ஆடாதீங்க!" மேலேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "யாரு உள்ள?"

"ஊசி!"

"கரண்ட் இல்ல மேடம். மோட்டார் சக்கரத்தைக் கையால சுத்தித்தான் ஏத்தணும். நானும் வாத்தியாரும் மேல மோட்டார் ரூம்லதான் இருக்கோம். பயப்படாதீங்க."

"லேப்டாப்காரர் வந்தாச்சா?"

"வந்தாச்சு. அவர் ஸ்பீக்கர் ஊமையாயிடுச்சு. சும்மா உக்காந்திருக்கார்."

தரையில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்தேன். நாத்தனார் போனில் வெளிச்சம் காட்டினாள். எங்கள் முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். கீழே மூன்று மாடிக் காலி இடம் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தை வாங்கி, உருட்டி, பெரிதாக்கித் திருப்பித் தந்தது. அப்படியொரு அலமாரியை யாரும் செய்திருக்க முடியாது. நாத்தனாரின் மூச்சு சீராகி, அது பாட்டானது. மேலே எதிலோ ஸ்பேனர் தட்டும் தாளம் கேட்டது.

இரண்டாவது சரணம் முடியும் இடம். விரல் தயாராக இருந்தது.

"சுத்து!"

அழுத்தினேன். அதே நொடியில் லிஃப்ட் விசுக்கென்று ஒரு சாண் ஏறியது. நாத்தனாரின் சுரம் "ஐயோ"வில் முடிந்தது.

"வாத்தியாரே, உங்களைச் சொல்லலை!"

"நீங்கதானே சுத்துன்னீங்க?"

"அவங்களைச் சொன்னேன்யா!"

"எந்தச் சுத்துன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் கணக்கு வாத்தியார்!"

நான் சிரித்த சிரிப்பில் கீபோர்டு மடியில் குலுங்கியது. "நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன். அதையும் இருவரும் அவரவருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு "சுத்து"க்கும் ஆர்கன் சுற்றியது, சக்கரம் சுற்றியது, நாங்கள் தாளம் தவறாமல் ஒவ்வொரு சாணாக ஏறினோம். கதவின் கண்ணாடி வழியே முதலில் ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு தாளம் தட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகள். லேப்டாப்காரர்.

அவரே கதவை இழுத்துத் திறந்துவிட்டார். "நான் கிளம்பறேங்க," என்றார் சிரித்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை முன்வரிசையில ஒரு இடம் பிடிச்சு வைங்க."

மாஸ்டர் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு, கைகளில் கிரீஸோடு இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டைத்தான் பார்த்தார்.

"பூங்கா மேடையில லிஃப்ட் கிடையாதே மேடம். சத்தம் இப்படியே வருமா?"

"இப்படி வராது. வேற மாதிரி வரும்."

"சரி, எதுக்கும் அவரையும் கூட வச்சுக்கலாமா?"

"வேணாம் மாஸ்டர். நான்தான் வாசிப்பேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியாரும் பார்த்தார், கிளம்புகிறேன் என்ற லேப்டாப்காரரும் நின்று பார்த்தார். எனக்குக் காது சுட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அப்ப முதல்லேர்ந்து ஒருதடவை," என்றார் மாஸ்டர்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. கீபோர்டின் உறையை எடுக்க லிஃப்டிலேயே குனிந்திருந்த நாத்தனாரின் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"அண்ணீ...!" அவள் குரல் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிக்கொண்டே போனது. நான் அதே சுரத்தைத் தேடிப் பிடித்து, யாரும் சொல்லாமலே பொத்தானை அழுத்தினேன்.