தலைமாட்டு விளக்கு

"செத்த வீட்டுச் சாமானைத் தொட உனக்குப் பயமிருக்கோ?"

என்னை வேலைக்கு எடுத்த அன்று நிரூபா அக்கா கேட்ட ஒரே கேள்வி இதுதான். இல்லையென்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

நிரூபா அக்கா ஸ்காபரோவில் மணவறை சோடிப்பவர். செத்த வீடுகளுக்கும் கும்பம், குத்துவிளக்கு, பூ எல்லாம் கொடுப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்வதை எங்கள் சனம் இலேசில் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே கலியாணம் பேச வருகிறவர்களை அவர் முதலில் சாமான் அறைக்குக் கூட்டிப்போவார். வலது பக்கத் தட்டுகளில் கலியாணச் சாமான், அடியில் அடையாளத்துக்கு ஒட்டிய சிவப்பு ரேப். இடது பக்கத்தில் செத்த வீட்டுச் சாமான், அடியில் நீல ரேப். "நான் செத்தாலும் உது இஞ்சால வராது" என்று இடது பக்கத்தைக் காட்டிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே ஓம் என்று சம்மதித்துவிட்டுப் போவார்கள்.

ஆனி மாதத்தில் சிவானி என்ற பிள்ளையின் கலியாணத்துக்காக முதல் நாளே நயாகராவுக்குப் போனோம். மாசியில் அவளுடைய பெரியப்பா இரத்தினவேல் இறந்தபோது எல்லாம் கொடுத்தது நிரூபா அக்காதான். அங்கே பூ வடிவாக இருந்தது என்றுதான் கலியாணத்தையும் அவரிடம் கொடுத்தார்கள்.

நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். முதலில் பார்த்தது ஏழு மாடிக் கார் நிறுத்துமிடம். அடுத்தது சூதாட்ட மண்டபம். கலியாண மண்டபம் அதே ஹோட்டலில்தான். வான் வண்டியிலிருந்து சாமான் கொண்டுபோகும் வழி சூதாட்ட மண்டபத்தின் ஓரமாகப் போனது. நடுவில் சுவர் கிடையாது, தரைக் கம்பளத்தின் நிறம் மட்டும் மாறும். சூதாடும் பக்கத்துச் சிவப்பில் கால் வைக்கப் பத்தொன்பது வயது வேண்டும். எனக்குப் பதினெட்டு. ஒவ்வொரு முறையும் காவலாளி கையை நீட்டி என்னைச் சாம்பல் நிறத்துக்குத் தள்ளினான்.

"விடு ராசா, இவள் வாயே திறக்க மாட்டாள். சூதாடி என்னத்தைப் பிடிக்கப் போறாள்?" என்றார் வான் ஓட்டுகிற மாக்கஸ் அண்ணை, தமிழ் விளங்காத அந்தக் காவலாளியிடம்.

உள்ளே ஜன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. வெளியே நல்ல வெயில். உள்ளே எந்த நேரமும் இல்லை. வயதானவர்கள் ஆளுக்கொரு திரைக்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருந்தார்கள். முகங்கள் எல்லாம் நீலமாக இருந்தன. யாரும் யாருக்காகவும் வந்தவர்கள் போலத் தெரியவில்லை. மெசின்களின் மணி மட்டும் விடாமல் அடித்தது.

நாலு மணிக்கு மணவறையின் இரு பக்கமும், உச்சியில் அன்னப்பறவை உள்ள குத்துவிளக்குகளை வைத்தேன். ஒன்றின் அடியைத் துடைத்தபோது விரலில் பசை ஒட்டியது. திருப்பிப் பார்த்தேன். சிவப்பு ரேப்பின் விளிம்பிலிருந்து நகமளவு நீலம் எட்டிப் பார்த்தது.

போன கிழமை எல்லா விளக்குகளையும் மருந்து போட்டுத் துலக்கியது நான். பசை கறுத்திருந்ததால் ரேப்புகளை உரித்து, பிறகு ஞாபகத்தில் வைத்துத் திரும்ப ஒட்டினேன். இதில் சரியாக உரிக்கவுமில்லை. கடைசியாக இது நின்ற இடம் இரத்தினவேல் அங்கிளின் தலைமாடு. அணையாமல் எண்ணெய் விடுவது அன்று என் வேலை. மூன்று மணி நேரம் அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பவுடர் பூசிய அந்த மூக்கும், காதுக்குள் வெட்டாமல் விட்டிருந்த நரை மயிரும் எனக்கு இன்னும் தெரியும்.

என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஒரு மணி நேரம் எடுத்தது. நிரூபா அக்கா ஏணியில் நின்று பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த விளக்கு நீலம்."

இறங்கி வந்தார். அடியைப் பார்த்தார்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

சிவப்பு ரேப்பை இழுத்து நீலத்தின் மேல் நகத்தால் அழுத்தினார்.

"மாக்கஸ் அண்ணை போய் வேறை ஒண்டு..."

"போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு. ராத்திரி ஒன்பதுக்கு மண்டபத்தைப் பூட்டுவாங்கள். அதுவரைக்கும் உந்தக் கதிரை, வளைவெல்லாம் ஆர் இறக்கிறது? நீயோ? வெளியில தெரிஞ்சால் எனக்கு இனி ஆர் கலியாணம் தருவினம்? பித்தளை, பிள்ளை. கழுவினால் வெறும் பித்தளை."

ஆனால் அவர் அதை மறுபடி தொடவில்லை. முகத்தை நிமிர்த்தி நாடியால் விளக்கைக் காட்டி, "நீயே எடுத்து வை" என்றார்.

அதன் பிறகு கோப்பி வாங்கி வரச் சொன்னார். திரும்பும்போது சூதாட்ட மண்டபக் கம்பளத்தின் ஓரத்தில் நின்றுவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் எனக்கு முதுகு காட்டி இருந்தார். இரத்தினவேல் அங்கிளின் அதே வழுக்கை, அதே காதுகள். அவராக இருக்க முடியாது என்று தெரியும். எரித்த அன்றும் நாங்கள்தான் பூ கொண்டுபோனோம். ஆனாலும் அவர் திரும்பும்வரை நின்றேன். திரும்பினார். வேறு யாரோ. என்னைப் பார்த்து, காத்திருந்த ஆள் வந்துவிட்டதுபோலத் தலையை அசைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார். என் விரல்களில் நல்லெண்ணெய் மணந்தது. அன்று நான் இன்னும் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவேயில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முகூர்த்தம். சிவானியின் அம்மா இரண்டு விளக்கையும் ஏற்றினார். அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அணைந்துவிடுமோ என்று பயந்தேன். பிறகு, அணையாமல் எரிகிறதே என்று பயந்தேன்.

மணமகள் வர முன்னர், பின்வரிசையிலிருந்து சாம்பல் நிறச் சேலையில் ஒருவர் எழுந்து மெல்ல முன்னுக்கு வந்தார். சிவானியின் பெரியம்மா, கமலாம்பிகை அன்ரி. இரத்தினவேல் அங்கிளின் மனைவி. விளக்குக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டது நீதானே?"

"ஓம் அன்ரி."

"இந்த அன்னத்தின்ர சொண்டைப் பார். வளைஞ்சு கிடக்கு." விளக்கின் உச்சியில் இருந்த அன்னத்தின் அலகை நோக்கி விரலை நீட்டினார், தொடவில்லை. "அண்டைக்கு அவரின்ர முகத்தைப் பார்க்க எனக்கு ஏலேல்லை. மூண்டு மணித்தியாலமும் ஒரு சொண்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

நிரூபா அக்கா ஓடி வந்தார். "ஐயோ அன்ரி, எல்லாம் ஒரே கடையில எடுத்தது. எல்லாத்துக்கும் சொண்டு அப்பிடித்தான். என்ன சாம்பவி?" என்று என்னைப் பார்த்தார்.

மற்ற விளக்கின் அன்னம் எங்கள் மூவருக்கும் நேரே, சொண்டு நிமிர்ந்து நின்றது.

கமலாம்பிகை அன்ரி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது அதுதானோ பிள்ளை?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு நான் குனிந்துகொண்டே நின்றிருக்கிறேன். நின்றால் கேட்டவர்கள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இவர் போகவில்லை.

"அதுதான் அன்ரி. நான்தான் மாறிக் கொண்டுவந்திட்டன்."

நிரூபா அக்காவின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. அதே நேரம் மேளம் தொடங்கியது. கதவு திறந்து, பூக்குடையின் கீழ் சிவானி வந்தாள். முந்நூறு பேரும் எழுந்தார்கள். கமலாம்பிகை அன்ரி ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அந்த இடத்தில் நிற்கும். அவருடைய உதடுகள் பிரிந்தன.

சிவானி அவரைக் கண்டு, "பெரியம்மா!" என்று சத்தமில்லாமல் வாயசைத்துச் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். கையை உயர்த்திக் காட்டினார். சிவானி மணவறையில் ஏறி அமரும்வரை அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தார். பிறகு பின்வரிசைக்குப் போய், கதிரையில் கிடந்த கைப்பையையும் குளிர்ச்சட்டையையும் எடுத்தார். ஐயர் மந்திரம் தொடங்கியிருந்தார். எல்லோரும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கக் கதவைத் தோளால் தள்ளி அவர் வெளியே போனார்.